உலு திராம் ராட்டினமும் மூன்று சென்டிமீட்டரும்

உலு திராம்,
ஆகஸ்ட் 4, திங்கள்.

அன்பு மகள் அமண்டாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் ஆண்டவர் தயவில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜெயகுமாரும் மான்செஸ்டர் மழையில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் ஜெபமாலையின் கடைசியில் தனியாக ஒரு வரி சேர்த்துச் சொல்கிறாள். நாலு பேர் என்று எழுதும்போதே எனக்கு ஒரு சந்தோஷம், எப்போதும் மூன்று பேர் என்றுதான் எழுதுவேன், உன் மகள் சிந்துஜா வந்திருப்பதால் இந்த முறை ஒன்று கூடியிருக்கிறது. வழக்கமாக என் கடிதம் உன் கைக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகும், அதைப் பற்றி நாம் இருவருமே கவலைப்பட்டதில்லை. இப்போது அப்படி இருக்க முடியாது, ஒன்பதாம் தேதிக்குள் நீ ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதனால் எழுதி முடித்ததும் உன் தம்பி கால்வின் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் கைப்பேசிக்கு அனுப்புவான், தாளும் பின்னாலேயே தபாலில் வரும். இவ்வளவு சிரமம் எதற்கு, வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடலாமே என்று அவன் கேட்டான். வாயால் சொன்னால் நான் எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் முழுவதும் எழுதத்தான் வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பின்பக்கத்து ரம்புத்தான் இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, பக்கத்து வீட்டுக்கும் கோயிலுக்கும் கொடுத்தது போக இன்னும் இரண்டு வாளி சமையலறையில் இருக்கிறது, சிந்துஜா எறும்போடு சேர்த்தே சாப்பிடுகிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, கிளினிக்கில் போன மாதம் பாராட்டினார்களாம், அந்தப் பாராட்டைக் கொண்டாட வழியில் இரண்டு இனிப்புக் குவே சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். கால்வினுக்கு பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இந்த மாதம் காலை ஷிஃப்ட், பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. உனக்கு முதுகு வலி என்று மாப்பிள்ளை சொன்னார். நோயாளியைத் தூக்கும்போது தனியாகத் தூக்காதே, இன்னொரு தாதியைக் கூப்பிட்டால் உன் கௌரவம் குறைந்துவிடாது. நீ சின்ன வயதில் புத்தகப்பையை ஒரே தோளில் மாட்டுவாய், இரண்டு தோளிலும் மாட்டு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், அதே பேச்சுதான் இதுவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை சிந்துஜா உன்னிடம் போனில் அழுதாள். வீட்டுக்கு வரணும் என்றாள். மாப்பிள்ளையின் தங்கை கிருஷ்ணகுமாரி ஒன்பதாம் தேதி ஸ்கூடாயிலிருந்து இங்கிலாந்து திரும்புவதால் அவளோடு சேர்த்துப் பிள்ளையை அனுப்பிவிடுங்கள், மாதக் கடைசியில் நான் வந்து அழைத்துப்போகும் வரை வைத்திருக்க வேண்டாம் என்று நீ சொன்னாய். பெரிய கேளிக்கைப் பூங்காவில் ராட்சத டிராகன் ரயிலில் ஏற முடியவில்லை என்று பிள்ளை ஏமாந்துபோனாள், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். ஏன் ஏற முடியவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அது என் தவறு, முழுக்க முழுக்க என் தவறு. இப்போது சொல்கிறேன்.

சமையலறைக் கதவு நிலையில் நான் வரைந்த அளவுகோல் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு மூன்று வயதாக இருந்தபோது பள்ளியிலிருந்து மீட்டர் கோலைக் கொண்டுவந்து, தரையிலிருந்து அளந்து, அறுபது சென்டிமீட்டரில் தொடங்கி நூற்று எண்பது வரை கறுப்புச் சாயத்தில் கோடு போட்டேன். உன்னையும் கால்வினையும் அதில்தான் அளந்தோம். போன வருஷம் நீங்கள் வந்திருந்தபோது நெடுஞ்சாலையிலிருந்து அந்தப் பெரிய பூங்காவின் டிராகன் தண்டவாளம் தெரிந்தது, சிந்துஜா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஏற நூற்று இருபது சென்டிமீட்டர் வேண்டும் என்று கால்வின் சொன்னான். வீட்டுக்கு வந்து கதவு நிலையில் நிறுத்தினேன், நூற்றுப் பதினைந்து. அடுத்த வருஷம் வந்துவிடும், தாத்தா கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிள்ளை ஒரு வருஷமாகப் பால் குடித்திருக்கிறாள். ஜூன் மாதம் நீ அங்கே அளந்துவிட்டு நூற்றுப் பதினாறரைதான் இருக்கிறாள் அப்பா, ஆசை காட்டாதீர்கள் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. அங்கே உங்களுக்கு அடியும் அங்குலமும்தான் பழக்கம், மாற்றும்போது பிசகியிருக்கும், முப்பத்து மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்றேன். நீ சிரித்துவிட்டு விட்டுவிட்டாய். சிந்துஜா வந்து இறங்கிய அன்றைக்கே காலணியைக் கழற்றி நிறுத்தினேன். நூற்று இருபது. அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுப் பூனை சுவரிலிருந்து குதித்தது.

திங்கட்கிழமை கால்வினுக்கு விடுப்பு நாள், காரில் போனோம். பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். கையில் ஒரு பட்டை கட்டுகிறார்கள், அதைக் காட்டினால் கதவு திறக்கிறது. வழியெல்லாம் நிழல், கழிப்பறை நம் வீட்டு வரவேற்பறையை விடச் சுத்தம், அம்மா இரண்டு முறை தேவையில்லாமலே போய்வந்தாள். டிராகனுக்கு முன்னால் வரிசை, இங்கிருந்து நாற்பத்தைந்து நிமிடம் என்று ஒரு பலகை. அந்த நாற்பத்தைந்து நிமிடமும் சிந்துஜா கால் மாற்றி நின்றபடி தன் பள்ளித் தோழிகளிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறாள் என்று எனக்கு ஒத்திகை காட்டினாள். முன்னால் ஒரு மலாய்ப் பெண், இருபது வயது இருக்கும், கையில் அளவுப் பலகை. சிந்துஜாவை நிறுத்திப் பார்த்துவிட்டு மண்டியிட்டு அவள் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து, அடுத்த வருஷம் வா தங்கச்சி, அக்கா இங்கேயே இருப்பேன் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. நான் ஆசிரியர், வீட்டில் அளந்துவிட்டுத்தான் வந்தேன், உன் பலகை தப்பு என்று வாதாடினேன். அந்தப் பெண் பொறுமையாக மறுபடி அளந்தாள், எனக்காக மூன்றாம் முறையும் அளந்தாள். பின்னால் நின்ற ஜனங்கள் முனகினார்கள். நான் விடவில்லை, அம்மாவின் கைப்பையிலிருந்து தையல் டேப்பை வாங்கி நானே குனிந்து அளந்தேன். நூற்றுப் பதினேழு. டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்தபோது சிந்துஜா என்னைப் பார்த்தாள். "தாத்தா, நீங்கதானே சொன்னீங்க?" அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பிறகு அங்கே இருந்த வேறு எதிலும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு நேராகக் கதவு நிலைக்குத்தான் போனேன். நூற்று இருபது என்ற கோடு தரையிலிருந்து நூற்றுப் பதினேழில் இருந்தது. இன்னொரு முறை டேப்பை வைத்து அளந்தேன், பிறகுதான் காலுக்குக் கீழே பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய சிமெண்டுத் தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல் போட்டோமே, தரை மூன்று சென்டிமீட்டர் ஏறிவிட்டது. கோடு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அறுபதில் தொடங்கும் அளவு என்பதால் கீழே என்ன ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை. எங்கிருந்து அளக்கிறோம் என்பதை முதலில் பார் என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். நீ சரியாக அளந்தாய் அமண்டா. உன் அளவைத் தவறு என்று சொன்னதற்கு இந்த வயதில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை அன்றைக்கே போனில் சொல்லியிருக்கலாம், வெட்கம் விடவில்லை. அன்றிலிருந்து நாலு நாள் சிந்துஜா என்னோடு பேசவில்லை. பாட்டியிடம் பேசுவாள், மாமாவிடம் பேசுவாள், நான் வந்தால் ரம்புத்தான் தோலை எண்ணிக்கொண்டிருப்பாள். கால்வின் கேலி செய்தான், அப்பா, நீங்க வகுப்புல இருந்தப்பக்கூட இவ்வளவு அமைதி இருந்ததில்லை என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை உலு திராம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஃபன்ஃபேர் வந்து இறங்கியது. லாரியில் வருமே அதேதான், இரண்டு வாரம் இருந்துவிட்டு வேறு ஊருக்குப் போகும். ஒரு ராட்டினம், ஒரு குதிரைச் சுற்று, வளையம் எறியும் கடை, பேய் வீடு என்று ஒரு கண்டெய்னர், அதற்குள்ளிருந்து பேயாக வேலை செய்பவர் அடிக்கடி வெளியே வந்து தேநீர் குடிக்கிறார். கால்வின் ஷிஃப்ட் முடிந்து வந்து போலாம் என்றான். சிந்துஜா வர மாட்டேன் என்றாள். அம்மா தனக்குச் சூடாகப் பொரித்த பீசாங் கோரெங் வாழைப்பழம் வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அழைத்து வந்தாள். ஆறு மணி வெயிலில் திடலுக்குள் நுழைந்ததும் பிள்ளை எதைத் தேடினாள் தெரியுமா, அளவுப் பலகையைத் தேடினாள். நுழைவாயிலில் இல்லை, குதிரைச் சுற்றில் இல்லை, ராட்டினத்தில் சின்னப் பிள்ளைகள் பெரியவரோடுதான் ஏற வேண்டும் என்று கையால் எழுதிய அட்டை மட்டும் தொங்கியது. நீ தாதி, உன் மனம் எங்கே போகும் என்று தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். நகர மன்றத்தின் பெர்மிட்டும் பொறியாளர் சோதித்த தாளும் டிக்கெட் மேசைக்கு மேலே தொங்கின, தேதியைப் பார்த்தேன். கால்வின் தன் தொழிற்சாலைக் கண்ணோடு ஒவ்வொரு போல்ட்டாகச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கிரீஸ் போன வாரம் வைத்தது, ஆள் சுத்தமா வேலை செய்றார் என்றான். அதற்குப் பிறகுதான் ஏறினோம்.

அந்த ராட்டினத்தை ஓட்டுபவர் பெயர் கனகராஜ். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம், அறுபது வயதைத் தாண்டியவர், கை இரண்டும் முருங்கைக்காய் போல. டிக்கெட் மேசையில் அவர் மனைவி வெள்ளையம்மா. இந்த ராட்டினத்தில் பத்துத் தொட்டில். வரிசையில் யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களை ஏற்றுவது இல்லை. ஒரு தொட்டிலில் ஆளை ஏற்றினால், சக்கரத்தைப் பாதி சுற்றி அதற்கு நேர் எதிரில் இருக்கும் தொட்டிலைக் கீழே கொண்டுவந்து, முதலில் ஏறியவர்களின் கனத்துக்குச் சரியான கனமாக வரிசையில் தேடி அழைக்கிறார். மோட்டார் சின்னது, ஒரு பக்கம் கனம் கூடினால் இழுக்காது, நிறுத்தினால் நிற்காது. பெரியவர்களிடம் எடை கேட்பதே இல்லை, அது மரியாதை இல்லையாம். எந்த ஊரு, சாப்பிட்டாச்சா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவர்கள் புல்லில் நடந்து வருவதைப் பார்க்கிறார், முடிந்தது. முன்னால் நின்ற தொழிற்சாலைப் பையன்கள் நாலு பேர், அங்கிள் நாங்கதான் ஃபர்ஸ்ட்லா என்று முணுமுணுத்தார்கள். வெள்ளையம்மா மேசையிலிருந்தே, நாலு பேரும் வீட்ல சோறு குறைச்சுச் சாப்பிட்டிருந்தா இந்நேரம் மேல இருந்திருப்பீங்க என்றார். பையன்களே சிரித்துவிட்டார்கள். நெம்புகோலுக்கு எத்தனை எடுத்துக்காட்டு சொல்லியிருக்கிறேன், ஏற்றமரம், தராசு, கடப்பாரை என்று. இது தெரிந்திருந்தால் ஒவ்வொரு வருஷமும் ஐந்தாம் வகுப்பை இங்கேயே கூட்டிவந்திருப்பேன்.

ஒன்பது தொட்டில் நிரம்பிவிட்டது, பத்தாவது மட்டும் காலி. அதற்கு எதிரே மேலே இருந்தது ஒரு சீனப் பெண்ணும் கைக்குழந்தையும். கனகராஜ் வரிசையைப் பார்க்கிறார், எல்லாம் கனத்த ஆட்கள், உதட்டைப் பிதுக்குகிறார். அப்போது சிந்துஜா கம்பிக்கு அருகே போய், அங்கிள், நான் நூற்றுப் பதினேழுதான் என்று தானாகவே சொல்லிவிட்டாள். மறுபடி யாராவது அளந்து அனுப்புவதற்குள் தானே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தாள் போலிருக்கிறது. கனகராஜுக்கு அது என்ன எண் என்றே புரியவில்லை. கால்வின் விளக்கினான். அவர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். "அங்க ஒசரம் பாப்பாங்க பாப்பா. இங்க கனந்தான். நீ எத்தன கிலோ?" இருபது என்றாள். "இருபதா? அலமாக், நான் கால் மணி நேரமா உன்னத்தான் தேடிட்டிருக்கேன், நீ எங்க போயிருந்தே?" என்றார். கூடவே என்னை ஒரு பார்வை பார்த்து, ஐயா ஐம்பத்திரண்டு இருப்பீங்க, நீங்க ஏறுங்க, சரியா இருக்கும் என்றார். கிளினிக் தராசும் அதைத்தான் சொன்னது. அம்மா ஏறலாமா என்று கேட்க, அடுத்த சுத்துக்கு வாங்கம்மா, உங்களுக்கு எதிரில் ஆள் பார்க்கணும் என்று பணிவாகச் சொன்னார். இப்படியாக என்னோடு பேசாத பிள்ளையும் நானும் ஒரே தொட்டிலில் உட்கார்ந்தோம், நடுவில் ஒரு கம்பி.

இரண்டு சுற்று வேகமாகப் போனது, மூன்றாவதில் கீழே யாரையோ இறக்குவதற்காக நிறுத்தினார், நாங்கள் உச்சியில் நின்றோம். சந்தையின் தகரக் கூரையும், ஜொகூர் பாருவுக்குப் போகும் பாதையில் நெரிசலும், அதற்கு அப்பால் செம்பனைத் தோட்டங்களும் தெரிந்தன. தொட்டில் லேசாக ஆடியது. நான் டைல் கதையைச் சொன்னேன், தரை ஏறியதையும் கோடு ஏறாததையும் சொன்னேன், தாத்தாவுக்குத் தெரியாமல் நடந்தது என்றாலும் உன் அம்மா எச்சரித்தபோது நான் காது கொடுக்கவில்லை, அதுதான் பெரிய தவறு என்றும் சொன்னேன். அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூரத்தையே பார்த்தாள். பிறகு, அம்மாகிட்ட சொன்னீங்களா என்றாள். இல்லை என்றேன். "சொல்லணும் தாத்தா. அம்மா கரெக்டாத்தானே அளந்தாங்க." சரி என்றேன். உங்க ஸ்கூல்ல தப்பா எழுதினா என்ன பண்ணச் சொல்வீங்க என்று கேட்டாள். பிழைத்திருத்தம், சரியான விடையை மூன்று முறை எழுத வேண்டும் என்றேன். அப்ப எழுதுங்க என்றாள். சக்கரம் நகர்ந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் சிந்துஜாவின் உயரம் 117 சென்டிமீட்டர் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனா எடுத்துத் திருத்தி, கையெழுத்து இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கலாம் என்று கீழே ஒரு குறிப்பும் போட்டாள்.

அதற்குப் பிறகு சனி, ஞாயிறு என்று தினமும் திடல்தான். வெள்ளையம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் இவளுக்கு ஒரு ஸ்டூல். வரிசையில் வருபவர்களைப் பார்த்துக் கனம் சொல்ல வேண்டும், கனகராஜ் சரிபார்ப்பார். பிள்ளைக்குக் கிலோ பிடிபடவில்லை, தன்னையே அளவாக வைத்துக்கொண்டாள். அந்த அங்கிள் நாலு சிந்துஜா, அந்த ஆன்ட்டி மூணு சிந்துஜா, நான் இரண்டரை சிந்துஜாவுக்குக் கொஞ்சம் மேலே. முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பு, நேற்றைக்குப் பத்தில் எட்டு சரி. இப்போது கனகராஜே, மாரியப்பன் கடை முதலாளி வர்றார், அஞ்சு சிந்துஜா எதிரில் போடணும் என்று பேச ஆரம்பித்துவிட்டார். கனம் சரியாக அமையாத சுற்றுக்கெல்லாம் இவளைக் கூப்பிட்டு, பெரியவர் யாராவது ஒருவரோடு ஏற்றிவிடுகிறார், ஞாயிறு ஒரே மாலையில் ஒன்பது முறை மேலே போய் வந்தாள், கால்வினும் நானும் மாறி மாறித் துணைக்கு. அம்மாவின் முறை வந்தபோது சிந்துஜா பாட்டியையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாட்டி நாலு சிந்துஜா, மாமாவும் நாலு சிந்துஜா, எதிரெதிரே போடுங்க அங்கிள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். கோயில் பாடகர் குழுவில் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். அம்மா, இவ தாத்தா மாதிரியே தப்பா அளக்கிறா என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். ராட்டினம் எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஒரே சீராகச் சுற்றியது. கனகராஜ் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து எல்லாருக்கும் காட்டினார். மேலேயிருந்து அம்மா சிரித்த சிரிப்பு சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எனக்கு நாளாயிற்று.

இதையெல்லாம் எழுதுவதால் பெரிய பூங்கா மோசம், சின்னது உசத்தி என்று நான் சொல்வதாக நினைக்காதே. அந்த அளவுப் பலகைப் பெண் செய்ததுதான் சரி. மூன்று மதிப்பெண் குறைந்த பிள்ளையைத் தாத்தா வாதாடினார் என்பதற்காக நானும் தேர்ச்சி போட்டிருக்க மாட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வரும் இடத்தில் எல்லாருக்கும் ஒரே கோடுதான் போட முடியும், அரசாங்கத் தேர்வு மண்டபம் மாதிரி. இருபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு வேறு மாதிரி. அங்கே யார் எதற்கு உதவுவார்கள் என்று பார்த்துப் பார்த்து உட்கார வைக்கலாம், குட்டையான பிள்ளையை முன் வரிசையிலும் வாயாடியைச் சாதுவின் பக்கத்திலும் என்று. கனகராஜின் ராட்டினத்தில் கதவு கிறீச்சிடுகிறது, கழிப்பறைக்குப் பெட்ரோல் நிலையத்துக்குத்தான் ஓட வேண்டும், வெளிச்சத்தில் பாதி பல்பு எரிவதில்லை. ஆனால் அங்கே ஏறுகிற ஒவ்வொருவரையும் ஒருவர் ஒரு நிமிடமாவது நின்று பார்க்கிறார். உன் மகளுக்கு அந்த வாரம் அதுதான் வேண்டியிருந்தது. டிராகனிலும் அவள் ஏறத்தான் போகிறாள், இன்னும் மூன்று சென்டிமீட்டர், அது தானாக வரும், நான் கோடு போட்டு வரவழைக்கத் தேவையில்லை.

இப்போது ஒன்பதாம் தேதி விஷயம். ஃபன்ஃபேர் இங்கே அடுத்த வாரம் வரைதான். பதினைந்தாம் தேதியிலிருந்து பாசிர் கூடாங்கில். அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஷிஃப்ட் முடிந்த பெரிய பெரிய ஆட்கள், கனத்துக்குக் கனம் போட்டே முதுகு போயிடும், பாப்பா ஒரு நாள் வந்தா எனக்கு உதவி என்று கனகராஜ் நேற்று சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சிந்துஜா வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டி முன்னால் போய் நின்றாள், ஒன்பதில் ஒரு விரலும் பதினைந்தில் ஒரு விரலும் வைத்துக்கொண்டு. கிருஷ்ணகுமாரி ஆன்ட்டிக்குத் தனியா பிளேன்ல போகப் பயமா இருக்குமா என்று பாட்டியிடம் கேட்டாள். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன பயம் என்று அம்மா சொன்னதும் சரி என்று போய்ப் படுத்துவிட்டாள். உன்னிடம் கேட்க அவளுக்கு வெட்கம். அழுது கேட்டு வாங்கிய டிக்கெட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அவள் யாருடைய பேத்தி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேசட்டுமா என்றேன், கூடாது, நான்தான் சொல்லணும் என்றாள். அதனால் இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அனுப்பு, வைத்துக்கொள் என்று நானும் எதுவும் சொல்ல மாட்டேன், தாயும் மகளும் பேசி எடுக்கும் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம். என் ஆசை என்னவென்று கேட்டால், இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேனே, அதிலேயே இருக்கிறது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் அம்மாவின் முத்தங்கள். மாதா உங்கள் இருவருக்கும் நல்ல சுகத்தையும் வேலையில் பொறுமையையும் வீட்டில் சிரிப்பையும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வந்தால் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. வியாழக்கிழமை உனக்கு விடுப்பு நாள் என்று தெரிந்து வைத்திருக்கிறாள், அன்று காலை உன்னை அழைப்பாள். எடுத்ததும் ஒன்பதாம் தேதி, பெட்டி, விமான நிலையம் என்று நீ ஆரம்பித்துவிடாதே. முதலில் ரம்புத்தான் பற்றிச் சொல்வாள், பூனையைப் பற்றிச் சொல்வாள், அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோகும். அழுகிறாள் என்று பயந்துவிடாதே அம்மா. எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாள், கொஞ்சம் காத்திரு.

என்றும் உன் அன்பு அப்பா,
ம. சந்தனசாமி